சிரமபரிகாரமும் சங்கீத அப்பியாசமும்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களின் மாலைக் கூட்டமொன்றில் ஐக்கிய இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



நான் இந்த ஊருக்கு வரும்போதெல்லாம் தவணை தப்பிய கடன்களைப்பற்றியும், பங்குத் தொகையைப்பற்றியும், கணக்குப் புத்தகங்களை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டிய அவசியத்தைப்பற்றியும் பேசுவது வழக்கம். இன்று உங்கள் காரியதரிசி என்னை, "ஏதேனும் வேறு விஷயமாகப் பேசுங்கள், அங்கத்தினர்கள் பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்" என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்ன அந்தக் காரணத்தையே நான் விஷயமாக எடுத்துக்கொள்ளுகிறேன். பகலெல்லாம் உழைத்தவனுடைய களைப்பு எவ்விதம் தீரும்? இழந்த பலம் எவ்விதம் திரும்பும்? அதற்குச் சங்கீதம் கற்றுக்கொள்ளுவது எவ்வளவு தூரம் உதவும்? இவற்றைப்பற்றி எனக்குத் தெரிந்த மட்டில் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நான் மெட்ரிகுலேஷன் வரையில் படித்து, இலாகாவில் சேர்ந்து, கணக்குப் பார்த்தே காலம் கழிப்பவன். சங்கீத சாஸ்திரத்தில் பண்டிதன் அல்லேன். என் குரலும் நல்ல குரல் அன்று. ஆகையால் வித்துவான்கள் சபையில் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் களைத்தவர்களுடைய சபையில் பேச யோக்கியதை உண்டு. ஏனெனில் நானும் களைத்தவன்.

சில வருஷங்களுக்கு முன் என் பொறுப்பில் முப்பதுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தன. பகலில் சைக்கிளில் ஊர் ஊராகச் செல்வேன். இரவில் பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். படுத்தாலும் தூக்கம் வராது. கண்ணை மூடினால் வட்டிக் கணக்கு ஓடும். அந்த நிலைமையில் ஒரு வருஷ முடிவில், ஒரு சங்கத்தின் பாக்கி ஜாபிதாவை நான் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். அந்த ஊரில் ஒரே பெயருடைய இருவர் கடன் வாங்கியிருந்தார்கள். ஒருவர் ஒரு விதவை. கூலி வேலை செய்து தவணை தவறாமல் கட்டி முடித்தவர். அவர் கட்டிய பணம் மற்றவருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது. குமாஸ்தா செய்த பிழையைக் கண்டுபிடிக்கவே என்னை அனுப்பியிருக்கிறார்கள். நானோ அதைப் பாராமல் கையெழுத்திட்டேன். கடன் கட்டாதவர் என்று அந்த அம்மாளுக்கு நோட்டீசு போய்விட்டது.

அவர் ஆறு மைல் நடந்து என்னிடம் வந்தார். புடைவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையின்மேல் வைத்தார். நான் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் தவறு விளங்கிற்று. வெட்கத்தால் தலை குனிந்தேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "ஐயா, கண்ணெல்லாம் இப்படிச் சிவந்து கிடக்கிறதே, இராத்திரியில் தூங்குகிறீர்களா இல்லையா?" என்று கேட்டார். நோட்டீசை அன்றே திரும்பப் பெற ஏற்பாடு செய்தேன். ஆயினும் ஊரார் முன்னிலையில் அவருக்கு நேர்ந்த தலைகுனிவை நான் எந்தப் புத்தகத்தில் வரவு வைத்துச் சரிக்கட்ட முடியும்? களைப்பு என்பது களைத்தவனுக்கு மாத்திரம் நஷ்டம் அன்று. அவனை நம்பியிருப்பவர்களுக்கும் நஷ்டம் என்பதை அன்று அறிந்தேன். இது உங்களுக்கும் பொருந்தும். களைத்த கையில் அரிவாள் தவறும். களைத்த மனத்தோடு பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு வருகிறவர் நியாயத்தைவிட்டுக் கோபத்தைப் பேசுவார். களைத்த தகப்பன் வீட்டுக்குள் நுழையும்போதே குழந்தைகள் ஒளிந்துகொள்ளும்.

அந்த நாட்களில் வேறொரு கிராமத்துச் சங்கத்தில் வயதான நாதஸ்வர வித்துவான் ஒருவர் அங்கத்தினராக இருந்தார். பல் விழுந்துவிட்டபடியால் வாத்தியம் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். என் நிலைமையைப் பார்த்து அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "தம்பி, ஏர் அவிழ்த்த மாட்டை வெறுமே முளையில் கட்டிவிட்டால் களைப்புத் தீருமா? தண்ணீர் காட்டவேண்டும், மேயவிடவேண்டும். நீங்கள் உங்கள் மனத்தைக் கட்டித்தான் வைக்கிறீர்கள், மேயவிடுகிறதில்லை" என்றார். நான், "இந்த வயதில் எனக்கு என்ன வரும்?" என்றேன். "வித்துவானாக வராது, தூக்கம் வரும்" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு.

சகோதரர்களே! இளைப்பாறுதல் வேறு, சும்மா இருத்தல் வேறு. உடம்பு களைத்தால் தூக்கம் அதைத் தீர்க்கும். தூக்கத்துக்குப் பதிலாக எதையும் நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் தூங்க வேண்டிய வேளையில் மனம் தூங்கவிடுகிறதா? மழை வருமா, விலை இறங்குமா, மகள் கலியாணத்துக்கு என்ன செய்வது என்று அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. செக்கில் கட்டிய மாடு செக்கடியில் நின்றாலும் அதன் கால் வட்டத்தையே தேடுவதுபோல, உட்கார்ந்தாலும் படுத்தாலும் மனம் பகலில் போன வழியிலேயே போகிறது. அதை நிறுத்து என்றால் நிற்காது. வேறு வழியில் திருப்பினால்தான் பழைய வழியை விடும்.

பாட்டுக் கற்றுக்கொள்ளுகிறவனுக்கு இது தானாகவே நடக்கிறது. சங்கீதத்தின் முதற்பாடம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆதாரமாகிய ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு, ஸரிகமபதநிஸ என்று ஏறவும் அவ்வாறே இறங்கவும் வேண்டும். அதற்கு ஸரளி வரிசை என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் விளங்கிய புரந்தரதாஸர் இப்பாடங்களை வகுத்து, மாயாமாளவகௌளை என்னும் இராகத்தில் அமைத்தார் என்பது சம்பிரதாயம். கூடவே ஆதி தாளம் போடவேண்டும். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, ஆக எட்டு. முதற் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம். இரண்டாங் காலத்தில் இரண்டு. மூன்றாங் காலத்தில் நான்கு. வாய் ஒரு வேலை செய்கிறது. கை ஒரு வேலை செய்கிறது. செவி இரண்டையும் சரிபார்க்கிறது. இந்த மூன்றையும் ஒன்றுசேர்த்து நடத்துகிறவன் அதே சமயத்தில் வட்டிக் கணக்கும் போடட்டும், பார்க்கலாம்! நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். உடனே தாளம் தப்பிவிட்டது. தாளத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் கவலையைக் கீழே வைக்கத்தான் வேண்டும். அந்த அரை மணி நேரமே மனத்துக்கு மேய்ச்சல்.

உடம்புக்கும் இதனால் லாபம் உண்டு. கவலைப்படுகிறவனுடைய மூச்சு மேலாகவும் வேகமாகவும் ஓடும். பாடுகிறவனோ மூச்சை விரைவாக உள்ளே இழுத்து, மெதுவாகவும் அளவாகவும் நெடுநேரம் வெளியே விடவேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் ஸ்வரம் நிற்காது. மூச்சு நிதானப்பட்டால் நாடித் துடிப்பும் நிதானப்படும். தோளும் கழுத்தும் தளரும். இதற்கு மருந்துச் செலவு இல்லை.

"பாட்டைக் கேட்டால் போதாதா? கற்றுக்கொள்ளுவானேன்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதும் நல்லதுதான். சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் வருஷத்திலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-ஆம் வருஷத்திலும் ஏற்பட்ட பிறகு, சபைகளுக்குப் போக வசதியில்லாத கிராமத்தாரும் பெரிய வித்துவான்களின் பாட்டைக் கேட்கும் பாக்கியம் பெற்றார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறவனுடைய காது பாட்டில் இருக்கும்போதே மனம் களத்துமேட்டுக்குப் போய்வரக்கூடும். கற்றுக்கொள்ளுகிறவன் அவ்விதம் போக முடியாது. அன்றியும், பிறர் சமைத்ததை உண்பது ஒரு சுகம். தன் கையால் விளைத்ததை உண்பது வேறொரு சுகம். இந்த வித்தியாசத்தை விவசாயிகளுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. உங்கள் உழைப்பின் பலன் உங்கள் கையில் இல்லை. மழை பொய்த்தாலும், பூச்சி விழுந்தாலும், சந்தையில் விலை சரிந்தாலும் ஒரு வருஷத்துப் பாடு வீணாகிறது. பாட்டுப் பயிற்சி அப்படிப்பட்டதன்று. இன்று அரை மணி உழைத்தால் நாளைக்கு அரை மணிக்குரிய பலன் நிற்கும். நேற்றுத் தப்பிய ஸ்வரம் இன்று சரியாக விழும்போது மனத்தில் ஓர் உற்சாகம் பிறக்கிறது. அந்த உற்சாகம் மறுநாள் ஏரைப் பிடிக்கும் கைக்கும் வருகிறது. கற்ற பாட்டை ஒருவரும் ஜப்தி செய்ய முடியாது. அதன்மேல் ஈட்டுக்கடன் வாங்கவும் முடியாது. அதுவும் ஒரு நன்மைதான்!

இது பட்டணத்து நாகரிகம், உழவனுக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. கவலை ஏற்றத்தையும் துலாவையும் கொண்டு நீர் இறைத்த காலத்தில், ஏற்றக்காரர் இறைத்த சாலின் எண்ணிக்கையைப் பாட்டிலேயே வைத்துப் பாடினார்கள். அதில் கணக்கும் நின்றது, களைப்பும் மறைந்தது. "ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை" என்னும் பழமொழி சும்மா பிறந்ததன்று. நடவுக்கு ஒரு பாட்டு, தொட்டிலுக்கு ஒரு பாட்டு, வண்டிக்கு ஒரு தெம்மாங்கு, திருவிழாவுக்குக் கும்மியும் ஒயிலும் என்று நம் முன்னோர் ஒவ்வொரு உழைப்புக்கும் ஒரு பாட்டை வைத்திருந்தார்கள். மோட்டார் இறைப்பு வந்தது, நல்லதுதான், முதுகு பிழைத்தது. ஆனால் ஏற்றத்தோடு ஏற்றப் பாட்டும் போய்விட்டது. மிச்சமான நேரத்தில் அதற்கு ஈடாக நாம் எதை வைத்தோம்? சில ஊர்களில் சீட்டாட்டத்தை வைத்தோம். சில ஊர்களில் மதுக்கடையை வைத்தோம். களைப்புத் தீரவேண்டும் என்று போகிறவன் கையிருப்பும் தீர்ந்து திரும்பி வருகிறான். உங்கள் கடன் மனுக்களில் "விவசாயச் செலவு" என்று எழுதியிருப்பதில் எவ்வளவு பாகம் உண்மையில் இந்தச் செலவு என்பதை நான் கேட்கமாட்டேன். நீங்களே உங்கள் மனத்தில் தணிக்கை செய்துகொள்ளுங்கள்.

வேறு தொழில் செய்துகொண்டே சங்கீதத்தில் ஈடுபட்டவர்களுக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) முதலில் பள்ளிக்கூட உபாத்தியாயராயிருந்து, பின்பு சித்த வைத்தியத்தில் பெயரெடுத்தவர். தஞ்சைக்கு அருகில் பெரிய தோட்டம் போட்டுக் கரும்பு முதலிய பயிர்களில் சோதனைகள் செய்தவர். அவ்வளவு அலுவல்களுக்கு இடையிலும் 1912-ஆம் வருஷத்தில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை ஏற்படுத்தி, 1917-ஆம் வருஷத்தில் கருணாமிர்த சாகரம் என்னும் பெரிய இசை நூலை வெளியிட்டார். மருந்தும் மண்வெட்டியும் சங்கீதத்துக்கு விரோதம் என்று அவர் எண்ணவில்லை.

கடல் கடந்த நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்லுகிறேன். பிரிட்டனின் மேற்குப் பாகத்தில் வேல்ஸ் என்று ஒரு நாடு. 19-ஆம் நூற்றாண்டில் அதன் தென்பகுதியில் ஜனங்கள் பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரும்பு ஆலைகளிலும் உழைத்துப் பிழைத்தார்கள். சூரிய வெளிச்சம் காணாத வேலை, அபாயமான வேலை. நம்முடைய ஸரிகம போலவே, டோ ரே மி என்னும் எழுத்துக்களைக்கொண்டு எளிதாகப் பாடக் கற்பிக்கும் ஒரு முறையை ஜான் கர்வென் என்னும் பாதிரியார் அந்நூற்றாண்டின் மத்தியில் பிரசாரம் செய்தார். அந்த முறை வேல்ஸ் நாட்டில் வெகுவாகப் பரவிற்று. பகலில் கரி வெட்டியவர்கள் மாலையில் கூடிப் பாடினார்கள். 1872, 1873 ஆகிய இரண்டு வருஷங்களிலும் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் நடந்த போட்டியில், நானூறு பேருக்கு மேற்பட்ட தென் வேல்ஸ் கோஷ்டியார் பரிசைக் கொண்டுபோனார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்து நடத்திய காரடாக் என்பவர் கொல்லுத் தொழில் பழகியவர். பரிசைக் காட்டிலும் பெரிய லாபம் மாலைதோறும் அவர்கள் அடைந்த இளைப்பாறுதல் என்றே நான் எண்ணுகிறேன்.

இவ்வித காரியத்தில் ஐக்கிய சங்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களானால், நம்முடைய இயக்கத்தின் மூலவர்களையே சாட்சிக்கு அழைக்கிறேன். இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் வருஷத்தில் நெசவாளர் முதலிய 28 பேர் கூடி ஒரு பண்டகசாலை திறந்தார்கள். மாவும் வெண்ணெயும் விற்றுவந்த அந்த ஏழைகள், சில வருஷங்களுக்குள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் அங்கத்தினர்களின் கல்விக்கென்று ஒதுக்கிவைத்து, வாசகசாலையும் நடத்தினார்கள். மனிதனுக்கு வயிறு மாத்திரம் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நமது மாகாணத்தில் 1904-ஆம் வருஷத்தில், அக்காலம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் முதல் கிராம நாணய சங்கம் ஏற்பட்டது. அன்று முதல் கடன் கொடுப்பதையும் வசூலிப்பதையுமே பெரும்பாலும் செய்துவந்திருக்கிறோம். கடன் வாங்குகிறவன் பலமுள்ளவனாகவும் தெளிந்த மனமுள்ளவனாகவும் இருந்தால்தான் கடன் திரும்பிவரும் என்பதை மறந்துவிடலாகாது.

ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுகிறேன். அங்கே ஏழு அங்கத்தினர்கள் வாரத்தில் இரண்டு மாலை பாட்டுக் கற்றுக்கொள்ளுவதென்று தீர்மானித்தார்கள். முதலில் எங்கே கூடுவது என்பதே விவகாரமாயிற்று. பஜனை மடத்தில் கூடலாம் என்றார் ஒருவர். "அங்கே நாங்கள் உள்ளே வரலாமா?" என்று ஓர் அங்கத்தினர் மெதுவாகக் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அப்போது சங்கத் தலைவர் எழுந்து, "சங்கக் கட்டடத்தில் எல்லாருடைய பங்கும் இருக்கிறது, அங்கே யார் வந்தாலும் ஏன் என்று கேட்பாரில்லை, இங்கேயே கூடுவோம்" என்றார். அவ்விதமே பேரேடுகள் வைத்த அலமாரிக்கு எதிரில் பாய் விரித்துக் கூடினார்கள். கடன் பத்திரத்தில் ஒருவருக்கொருவர் ஜாமீன் கையெழுத்திட்டவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

ஏழு பேரில் இருவர் ஒரு மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள். ஒருவருக்குச் சுருதி சேரவேயில்லை. அவர் தாளம் போடுவதோடு திருப்தியடைந்தார். இன்னொருவர் மதுக்கடைக்குப் போகும் வழக்கமுடையவர். அவர் அடியோடு திருந்திவிட்டார் என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் பாட்டு நாட்களில் அவர் கடைப்பக்கம் போவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் செலவும், வீட்டில் இரண்டு நாள் சண்டையும் குறைந்தன. அவருடைய மனைவியார் காரியதரிசியிடம் வந்து, "வாரத்துக்கு நாலு நாள் பாட்டு வைக்கக் கூடாதா?" என்று கேட்டாராம். அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் அதன்பிறகும் வாக்குவாதங்கள் நடந்தன, நான் பார்த்தேன். ஆனாலும் ஒருவர் பேசி முடிக்கும்வரையில் மற்றவர் காத்திருந்தார். சேர்ந்து பாடிப் பழகியவர்களுக்குத் தம் முறை வரும்வரையில் காத்திருக்கத் தெரியும் போலும்.

என் சொந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தலைமை ஊரில் தங்கும் நாட்களில் அந்த வித்துவானிடம் மாலையில் அரை மணி பாடம் கேட்டேன். முதல் மாதம் முழுவதும் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தவிர வேறொன்றும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வீட்டார் சிரித்தார்கள். என் எட்டு வயதுச் சிறுவன் பக்கத்திலிருந்து கேட்டே என்னை முந்திவிட்டான். மூன்று மாதம் சென்றபின் ஒரு மாறுதலைக் கண்டேன். பாட்டு முடிந்தபின் புத்தகத்தைத் திறந்தால் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. குறித்த மணிக்குப் புத்தகத்தை மூடவும் தெரிந்துகொண்டேன். படுத்தால் வட்டி ஓடுவதற்குப் பதிலாக ஸ்வரம் ஓடும். அது தூக்கத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். இன்னும் என் வேலையில் பிழைகள் நேருகின்றன. ஆனால் கையெழுத்திடுமுன் இரண்டாம் முறை பார்க்கும் பொறுமை இருக்கிறது. அந்த விதவை அம்மாளின் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவருடைய பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிறேன்.

சங்கீதத்தால் எல்லாம் தீரும் என்று நான் சொல்லவில்லை. பசியால் வந்த சோர்வுக்குப் பாட்டு மருந்தாகாது; சோறுதான் மருந்து. வியாதியால் வந்த சோர்வுக்கு வைத்தியரிடம் போகவேண்டும். அதிக வட்டிக் கடனால் வந்த தூக்கமின்மைக்குச் சங்கத்துக்கு வந்து வழி கேட்கவேண்டும். இவற்றை விட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருங்கள் என்று சொல்லுகிறவன் உங்கள் நண்பன் அல்லன். நியாயமான உழைப்பினால் வரும் நியாயமான களைப்பைப்பற்றியே நான் பேசுகிறேன்.

இதைத் தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்லுகிறேன்.

முதலாவது, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அரை மணி போதும். ஆனால் தவணை தவறலாகாது. ஆறு நாள் விட்டு ஏழாம் நாள் மூன்று மணி நேரம் கத்தினால் தொண்டை கட்டுமே ஒழியப் பாட்டு வராது. வட்டியைப்போலவே அப்பியாசமும் சிறுகச் சிறுகத்தான் பெருகும்.

இரண்டாவது, அவரவர் குரலுக்கு ஏற்ற சுருதியில் பாடுங்கள். மேடையில் பாடுகிறவரைப் பார்த்து உயர்ந்த சுருதியில் முயன்றால் தொண்டை கெடும். சுருதி என்பது முதல் போன்றது. கைம்முதல் எவ்வளவோ அவ்வளவில் வியாபாரம் செய்கிறவன் கெடமாட்டான்.

மூன்றாவது, ஊரிலேயே ஆசிரியரைத் தேடுங்கள். கோயில் நாதஸ்வரக்காரர், தேவாரம் ஓதுவார், பஜனை நடத்துகிறவர், நடவில் முன்பாட்டுப் பாடும் கிழவி ஆகிய எல்லாரும் ஆசிரியர்களே. கர்நாடக சங்கீதம்தான் கற்கவேண்டும் என்பதில்லை. பாட்டி மறந்துபோகுமுன் அவளுடைய நடவுப் பாட்டைக் கற்றுக்கொள்ளுவதும் சங்கீத அப்பியாசமே. சொல்லிக்கொடுப்பவருக்கு அறுவடையில் நெல்லோ, மாதத்தில் ஒரு தொகையோ மரியாதையாகக் கொடுத்துவிட வேண்டும். கலைஞரிடம் இனாமாக வாங்குவதும் ஒருவகைக் கடனே. பிள்ளைகள் முறையாகக் கற்க விரும்பினால், ஜில்லாத் தலைநகரங்கள் பலவற்றில் அரசினர் நடத்தும் இசைப்பள்ளிகளில் வாய்ப்பாட்டு, நாதஸ்வரம், தவில், தேவாரம் முதலியவற்றைக் கற்பிக்கிறார்கள்.

நான்காவது, சங்கக் கட்டடத்தை மாலையில் பூட்டி வைக்காதீர்கள். விளக்குக்கும் பாய்க்கும் சிறு தொகை வேண்டுமானால், மகாசபையில் தீர்மானம் செய்து, உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவுக்குப் பொதுநன்மை நிதியிலிருந்து செலவிடலாம். ரசீது மாத்திரம் வாங்கி வையுங்கள். மறுதடவை நான் கேட்பேன்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆண்கள் களைத்து வந்து திண்ணையில் சாயும்போது பெண்கள் அடுப்படிக்குப் போகிறார்கள். அவர்கள் நாற்று நடவில்லையா? களை எடுக்கவில்லையா? அவர்களுக்கு ஏர் அவிழ்க்கும் நேரமே கிடையாது. வாரத்தில் ஒரு மாலையாவது அவர்களுக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் வீட்டு வேலையையும் குழந்தையையும் ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். தாலாட்டுப் பாடித் தூங்கவைக்கிறவர்களுக்கும் தூக்கம் வேண்டாமா?

சகோதர சகோதரிகளே! நேரமாகிவிட்டது, நாளைக் காலையில் உங்களுக்கு மறுபடியும் வயல் காத்திருக்கிறது. நான் கேட்டுக்கொள்ளுவது பெரிய காரியம் அன்று. அடுத்த மாதம் நான் கணக்குப் பார்க்க வரும்போது, தவணை கட்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதோடு, பாடத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்பேன். முதல் கேள்விக்கு ஜாபிதாவைக் காட்டுங்கள். இரண்டாம் கேள்விக்கு ஜாபிதா வேண்டாம். ஒரு ஸரளி வரிசையோ ஒரு நடவுப் பாட்டோ பாடிக் காட்டினால் போதும். குரல் நடுங்கினாலும் பாதகமில்லை. என் குரலும் உங்கள் குரலோடு சேர்ந்தே நடுங்கும்.